கை விட்ட கிணறு

கொக்கி என்று கூப்பிட்டால் எங்கள் குடியிருப்பில் ஒரு பெண் திரும்பிப் பார்ப்பாள். வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி உடம்பு, தடித்த மணிக்கட்டு. புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய சட்டை ஒன்றை மாட்டியிருப்பாள். அதன் பையில் ஒரு டெஸ்டர், ஒரு சுருள் கறுப்பு டேப், பாதி தின்ற பிஸ்கட். ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் விழுந்துபோன மோட்டாரை வெளியே எடுப்பது அவள் தொழில்.

மோட்டாரை இறக்குகிறவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். விழுந்ததை எடுக்கிறவர் கிடைப்பது கஷ்டம். ஆறரை அங்குல ஓட்டை. உள்ளே இருட்டு. நூறு அடிக்குக் கீழே கம்பியின் முனையில் தட்டுப்படுவது குழாயா, கேபிளா, பாறையா என்பதை மேலே இருக்கிறவர் உள்ளங்கையால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பீங்கான் தொழிற்சாலையில் கோப்பைகளுக்குக் காகிதம் சுற்றுகிற வேலை பார்த்தவள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கேட்டைப் பூட்டினார்கள். குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் கோர்ட்டில் போட்ட கேஸ் முடியாமல் நகரமாட்டோம் என்றோம். ஆறு வரிசை, நூற்றுப் பன்னிரண்டு வீடு, எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிணறு. மோட்டார் நின்றால் பார்க்க வந்துகொண்டிருந்த கம்பெனி மெக்கானிக்கை இனி அங்கே போகக்கூடாது என்று தடுத்தது நிர்வாகம். அடுத்த வாரமே மோட்டார் நின்றது. கொக்கி போய் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தாள்.

அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். பக்கத்தில் நின்று பதறினார். "ஏய், ஷாக் அடிச்சிடப் போகுது!"

"உன்னைக் கட்டிக்கிட்டு இருபது வருஷம் தாங்கிட்டேன். இது என்ன பண்ணிடும்?" என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. வெளியிலிருந்து வந்த மெக்கானிக்குகள் செய்த தப்பையெல்லாம் பார்த்துக் கடுப்பாகி, ஒவ்வொன்றையும் வேறு மாதிரி செய்து பார்த்துக் கற்றுக்கொண்டாள். தனக்கு வேண்டிய ஆயுதங்களை வெல்டிங் கடையில் தானே நின்று செய்வித்தாள். அதில் இரண்டு முக்கியம். ஒன்று, சுருண்ட கம்பி. அறுந்து விழுந்த கேபிளுக்குள் திருகிவிட்டால் சிக்கிக்கொண்டு வரும். அதற்கு அவள் வைத்த பேர் பன்னிவால். இன்னொன்று, உள்பக்கம் பல் வைத்த இரும்பு வளையம். குழாயின் தலையில் போய் மாட்டினால், மேலே இழுக்க இழுக்கப் பல் இறுகும். அதன் பேர் மாமியார்.

"ஏன்க்கா அந்தப் பேரு?" என்று ஒரு முறை யாரோ கேட்டார்கள்.

"பிடிச்சா விடாது. எதுக்குப் பிடிச்சதுன்னும் சொல்லாது."

நான் சொல்ல வந்தது ஆறு நாள் கதை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டார்கள். கிணற்று வாயில் தடால் என்று ஒரு சத்தம். வாயில் மாட்டியிருந்த முதல் குழாயின் திருகு மரை தேய்ந்துபோய்க் கழன்றுவிட்டது. பத்தடிக் குழாய் முப்பத்தெட்டு, அதன் அடியில் மோட்டார், கூடவே கேபிள், எல்லாம் சேர்ந்து உள்ளே போய்விட்டன. கிணற்றின் ஆழம் நானூற்று எண்பது அடி. மோட்டார் தரையைத் தொட்டு உட்கார்ந்துவிட்டது, குழாயின் தலை நூறடிக்குக் கீழே நிற்கிறது.

மத்தியானத்துக்குள் எப்படியோ நிர்வாகத்துக்குச் செய்தி போயிற்று. மேனேஜர் வந்தார். வெயிலோ மழையோ குடை இல்லாமல் வரமாட்டார் என்பதால் அவரை நாங்கள் குடை என்போம். சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். கிணறு கைவிடப்பட்டது. வெள்ளிக்கிழமை நண்பகல் தண்ணீர் வாரிய அதிகாரி வந்து பார்வையிடுவார். கைவிடப்பட்ட கிணறு என்பது உறுதியானால் கான்கிரீட் போட்டு மூடப்படும்.

நோட்டீஸில் எழுதாத விஷயம் ஒன்று இருந்தது. கிணறு மூடப்பட்டால் குடியிருப்பில் தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லாத வீடு குடியிருக்க லாயக்கற்ற வீடு. அப்படி ஒரு காகிதம் கிடைத்தால் போதும், கோர்ட்டுக்குக்கூடப் போகாமல் நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தையும் ரோட்டில் நிறுத்திவிடலாம். ஒன்பது வருடமாக முடியாதது ஒரு மரை தேய்ந்ததால் முடிந்துவிடும் போல இருந்தது.

கொக்கி அப்போது வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கிணற்றில் வேலையாக இருந்தாள். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நோட்டீஸைப் படித்தாள். "எழுத்து நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிணற்றைப் பார்க்கப் போனாள்.

புதன்கிழமை வெயில் ஏறியதும் வீட்டு பீரோவின் கதவைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னாள். அதில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. புருஷனும் இன்னொருவரும் அதைப் பிடித்துச் சாய்க்க, வெயில் கிணற்றுக்குள் இறங்கிற்று. குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன தெரியுது?" என்றார் புருஷன்.

"உன் தலை மாதிரி இருக்கு. சிக்கு."

குழாயோடு கேபிளைச் சேர்த்து ஒட்டிய டேப்பெல்லாம் விழுந்த வேகத்தில் பிய்ந்து, கேபிள் சுருண்டு, குழாயின் தலைக்கு மேல் குவிந்து கிடந்தது. அவசரக்காரர்கள் இங்கேதான் கெடுப்பார்கள். நேரே குழாயைப் பிடிக்கக் கம்பியை இறக்குவார்கள். கம்பி கேபிளைக் குத்தும். கேபிள் குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறங்கும். அப்புறம் அந்தக் கிணற்றை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"முதல்ல கேபிள். அது முழுசா வெளிய வர்ற வரைக்கும் மோட்டாரைப் பத்தி யாரும் வாயைத் திறக்காதீங்க" என்றாள்.

"நாள் ரெண்டுதான் இருக்கு" என்றேன் நான்.

"தெரியும் தோழர். நான் நோட்டீஸ் படிச்சேன்."

லாரிப் பட்டறையிலிருந்து கிணற்றுக்கு மேல் நிறுத்துகிற ஆளுயர இரும்பு முக்காலியும், அதில் தொங்கவிட்டுக் கனம் தூக்குகிற செயின் பிளாக்கும் இரவல் வந்தன. பன்னிவாலைப் பத்தடி இரும்புக் கம்பியில் மாட்டி, கம்பியோடு கம்பி சேர்த்து இறக்கினார்கள். அவள் இரண்டு கையாலும் திருகுவாள். எப்போதும் வலப்பக்கமாகத்தான். ஒரு சுற்று இடப்பக்கம் போனாலும் பிடித்ததெல்லாம் நழுவிவிடும். நடுவில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் யாராவது பேசினால் அன்றைக்கு அவர்களுக்கு நல்ல வசவு உண்டு. புதன்கிழமை முடியும்போது நாற்பதடி கேபிள் வெளியே வந்திருந்தது.

வியாழன் காலை மீதிக் கேபிளோடு ஒரு நீலக் கயிறும் சிக்கிக்கொண்டு வந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தோம்.

அதுதான் பாதுகாப்புக் கயிறு. மோட்டாரில் ஒரு முனை, கிணற்று வாயில் ஒரு முனை. குழாய் கழன்றாலும் மோட்டார் விழாமல் அது தாங்க வேண்டும். ஏன் தாங்கவில்லை என்பதுதான் செவ்வாய்க்கிழமை முதல் யாருக்கும் விளங்காத விஷயம். வந்தது முப்பதடித் துண்டு. கீழ்முனை நைந்து, பிய்ந்து, நார் நாராகக் கிடந்தது. அது விழுந்த வேகத்தில் அறுந்தது. மேல்முனை அப்படி இல்லை. கத்தி வைத்து அறுத்த மாதிரி நேராக இருந்தது.

"அறுத்திருக்கானுங்க!" என்று ஒரு குரல். "குடையோட வேலைதான்!" என்று பத்துக் குரல்.

நான் மறைக்கப் போவதில்லை. அரை மணி நேரத்தில் துண்டறிக்கை எழுதிவிட்டேன். 'கயிற்றை அறுத்த கை எது?' என்று தலைப்பு. சங்கத்துக்கு முப்பது வருடம் அறிக்கை எழுதிய கை. ஆதாரம் வருவதற்கு முன்பே ஆச்சரியக்குறி போட்டுவிடும்.

கொக்கி கயிற்றின் முனையை விரலால் தடவிப் பார்த்தாள். எழுந்து வரிசைகளுக்குப் பின்னால் போனாள். நானும் அறிக்கையைக் காட்டலாம் என்று பின்னாலேயே போனேன். அவள் தன் வீட்டுக் கொல்லையில் நின்றாள். இரண்டு கம்பத்துக்கு நடுவே துணி காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் சிவப்பு இழை ஓடுகிற நீலக் கயிறு. அதே கயிறு.

அந்தக் கொடியைக் கட்டியது அவளுடைய நாத்தனார். அதே வீட்டில்தான் இருக்கிறாள். வாய் மூடாமல் பேசுகிறவள் என்பதால் ஊருக்கு அவள் வானொலி.

"பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டாள் கொக்கி. "இந்தக் கயிறு எது?"

"கிணத்தாண்ட தொங்கிட்டு இருந்துச்சு அண்ணி. போன மாசம் மழையில பழைய கொடி அறுந்துச்சுல்ல, அன்னிக்கு எடுத்தேன். சும்மாதானே தொங்குது. நான் லேசா இழுத்தேன், வந்துச்சு. இன்னும் இழுத்தேன், இன்னும் வந்துச்சு. வந்த வரைக்கும் அறுத்துக்கிட்டேன். ஏன், நல்ல கயிறு அண்ணி, போர்வையைக்கூடத் தாங்குது..."

"போர்வையைத் தாங்குது. மோட்டாரைத் தாங்கலை."

வானொலிக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் பேசாமல் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் இவ்வளவுதான். மோட்டாரின் கனத்தைக் குழாய் தாங்கும்போது பாதுகாப்புக் கயிறு தொளதொளவென்று கிடக்கும். இழுத்தால் வரும். அதற்கு வேலை வருவது குழாய் கழன்ற அந்த ஒரு நொடியில்தான். மற்ற நாளெல்லாம் மிச்சக் கயிறு போலத்தான் தெரியும். மேல்முடிச்சை விட்டுவிட்டு, அதற்குக் கீழே வந்த தளர்ச்சியை வெட்டியிருக்கிறாள் வானொலி. முடிச்சு கிணற்று வாயில் பத்திரமாக இருந்தது. அதில் கயிறுதான் இல்லை.

வானொலி அழத் தொடங்கினாள். லாரிக்காரர் வந்து சேர்ந்தார். தங்கச்சிக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் மெதுவாகச் சொன்னேன். "இது நம்ம நாலு பேருக்குள்ளயே இருக்கட்டும். அவன் ஒன்பது வருஷமா நமக்கு என்னென்னமோ பண்ணியிருக்கான். இது ஒண்ணையும் அவன் கணக்குல போட்டா தப்பில்ல."

"அந்தக் காயிதத்தைக் குடுங்க" என்றாள். வாங்கி முதல் வரியைப் படித்தாள். "தோழர், நாளைக்கு அவன் நேரா இந்தக் கொல்லைக்கு வந்து நின்னான்னா? கொடியைக் காட்டி 'இது என்ன'ன்னு கேட்டான்னா? உங்க கேள்விக்கு அவனே பதில் சொல்லிட்டுப் போயிடுவான். அப்புறம் நாம உண்மையாச் சொல்றதையும் ஒருத்தன் நம்பமாட்டான். அவன் பண்ணதுக்கு அவனைத் திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டுறேன். எங்க வீட்டுத் தப்பை அவனுக்குத் தானம் பண்ணாதீங்க."

அறிக்கையைக் கிழித்தேன். எழுதியதைக் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். "அழுதது போதும். வந்து கம்பியைப் பிடி. வாய்க்கு லீவு விடு, கைக்கு வேலை குடு."

வியாழன் பொழுது சாய்வதற்குள் கேபிள் முழுவதும் வெளியே வந்துவிட்டது. வெள்ளி காலை எட்டு மணிக்கு மாமியாரை இறக்கினார்கள். மூன்று முறை தலை தட்டுப்பட்டு நழுவியது. நான்காவது முறை கொக்கி கண்ணை மூடியபடியே, "ம்" என்றாள். செயினை இழுத்தார்கள். செயின் இறுகியது. பல் கடித்துவிட்டது.

இனி இழுப்பதுதான் வேலை. முதலில் இறக்கிய கம்பிகள் பத்து. அதற்கப்புறம் குழாய். உள்ளே நிற்கிற தண்ணீரோடு சேர்த்து அத்தனையும் கனம். பத்தடி தூக்க வேண்டும், கிணற்று வாயில் குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் போட்டு நிறுத்த வேண்டும், வெளியே வந்த குழாயைக் கழற்ற வேண்டும், மறுபடி பிடித்துத் தூக்க வேண்டும். முப்பத்தெட்டு தடவை.

பதினொன்றரைக்குக் குடை வந்தார். கூடவே தண்ணீர் வாரிய அதிகாரியம்மா, கையில் ஃபைல். பின்னால் ஒரு குட்டி லாரி. அதில் சிமெண்ட் மூட்டை, ஜல்லி, மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள். அப்போது மூன்றாவது குழாய் வெளியே வந்துகொண்டிருந்தது.

"பன்னெண்டு மணி வரைக்கும் பார்ப்போம் மேடம்" என்றார் குடை. ரொம்பத் தாராளமாகச் சொன்னார்.

அதிகாரியம்மா ஃபைலைத் திறந்தார். படிவம் ஏற்கெனவே டைப் அடித்து வந்திருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "இன்னும் எத்தனை குழாய் இருக்கு?" என்று கேட்டார்.

"முப்பத்தஞ்சு" என்றாள் கொக்கி, நிமிராமல்.

"அப்போ இன்னிக்குத் தண்ணி வராது."

"வராதும்மா."

"பார்த்தீங்களா மேடம்? அவங்களே சொல்றாங்க" என்றார் குடை. "இன்னொண்ணும் இருக்கு. மோட்டார் தானா விழலை. இவங்க ஆளே கயித்தை அறுத்து துணி காயப்போட்டிருக்காங்க. எனக்குத் தகவல் வந்திருக்கு. இவங்க கிட்ட ஒரு கிணத்தைக் குடுத்து வைக்கலாமா, நீங்களே சொல்லுங்க."

எங்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முந்தின நாள் நான் அந்த அறிக்கையை அச்சுக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த வானொலி உரக்கச் சொன்னாள். "நான்தாங்க அறுத்தேன். என் பேரை எழுதிக்கோங்க. வீட்டு நம்பர் நாற்பத்தொண்ணு. கொடி இன்னும் பின்னாலதான் இருக்கு. சாருக்கு வேணும்னா வந்து குடையைக் காயப்போட்டுக்கலாம்."

சிமெண்ட் லாரி ஆள் ஒருத்தன் சிரித்தேவிட்டான்.

குடை கையில் வைத்திருந்த ஒரே சீட்டை வானொலி பிடுங்கித் தரையில் போட்டுவிட்டாள்.

அப்போதுதான் அது நடந்தது. கிணற்று வாயில் குழாயைப் பிடித்திருந்த கிளாம்பின் ஒரு போல்ட்டில் மரை போய்விட்டது. டக் என்று ஒரு சத்தம். குழாய் ஒரு சாண் உள்ளே நழுவியது. இன்னொரு சாண் நழுவினால் கிளாம்ப் மொத்தமாகக் கழன்றுவிடும். முந்நூற்று ஐம்பதடிக் குழாயும் மோட்டாரும் மறுபடி கீழே. இந்த முறை எடுக்க ஒன்றும் மிஞ்சாது.

கொக்கி மண்டியிட்டு, வலது கையை முழங்கை வரைக்கும் கிணற்று வாய்க்குள் விட்டாள். நழுவுகிற கிளாம்பின் தாடையை உள்ளிருந்து குழாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

"செயினைப் போடு! டேய் மனுஷா, செயினை!" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

அவர் செயினோடு ஓடினார். தூக்க ஆள் போதவில்லை. சிரித்த அந்த ஆள் மண்வெட்டியை வீசிவிட்டு வந்து குழாயைக் கட்டிப் பிடித்தான். கூட வந்தவனும் வந்தான். "டேய், உங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்?" என்று குடை கேட்டது யார் காதிலும் விழவில்லை. செயினைச் சுற்றி, மாட்டி, இறுக்கினார்கள். குழாய் நின்றது.

கொக்கி கையை உடனே எடுக்கவில்லை. புது போல்ட் முறுக்கி முடிகிறவரை உள்ளேயே வைத்திருந்தாள். அந்தக் கோலத்திலேயே தலையை மட்டும் திருப்பி அதிகாரியம்மாவிடம் கேட்டாள்.

"அம்மா, அந்தப் படிவத்துல என்ன போட்டிருக்கு? ஒரு தடவை படிங்க."

அதிகாரியம்மா படித்தார். "கைவிடப்பட்ட கிணறு."

"தண்ணி வரலைன்னா மூடணும்னு இருக்கா?"

"இல்ல. கைவிடப்பட்டிருந்தா மூடணும்னு இருக்கு."

"அப்போ பார்த்துக்கோங்க. நான் கை விட்டிருக்கேன், அது நிஜம். முழங்கை வரைக்கும் விட்டிருக்கேன். கைவிடலை. இதுக்கு மேல சிமெண்ட் போடணும்னா என் கையோட சேர்த்துத்தான் போடணும்."

"சும்மா வார்த்தையில விளையாடுறாங்க மேடம்" என்றார் குடை.

"நீங்கதான் சார் வார்த்தையை ஒட்டிட்டுப் போனீங்க. நாங்க மூணு நாளா வேலை பார்க்கிறோம்."

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. முக்காலியைப் பார்த்தார், வரிசையாக அடுக்கியிருந்த குழாய்களைப் பார்த்தார், சுருட்டி வைத்த கேபிளைப் பார்த்தார். குழாயைக் கட்டிப் பிடித்து நிற்கிற சிமெண்ட் ஆட்களையும் பார்த்தார். பேனாவை எடுத்து டைப் அடித்த வரியைக் குறுக்கே அடித்தார். பக்கத்தில் எழுதினார்: 'பழுது பார்க்கும் வேலை நடக்கிறது. மூட வேண்டியதில்லை.' அடித்த இடத்தில் சின்னக் கையெழுத்து, கீழே பெரிய கையெழுத்து. ஒரு நகலை என்னிடம் நீட்டினார். அதை நான் நான்காக மடித்து உள்பையில் வைத்தேன்.

"ஒரு மாசம் கழிச்சு வருவேன்" என்றார்.

"வாங்கம்மா. நாற்காலி போட்டு வைக்கிறோம்."

அப்புறம்தான் கையை வெளியே எடுத்தாள். இரண்டு விரலில் தோல் உரிந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. வானொலி தன் முந்தானையைக் கிழிக்கப் போனாள். "கிழிக்காத. நீ இனிமே எதையும் அறுக்காத, கிழிக்காத" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்த கறுப்பு டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு அடுத்த குழாய்க்குத் திரும்பினாள்.

அதிகாரியம்மா போய்விட்டார். குடை போகவில்லை. வேப்பமர நிழலிலும் குடையை விரித்தபடியே நின்றுகொண்டிருந்தார். இன்னும் முப்பத்துச் சொச்சம் குழாய் இருக்கிறது, எது வேண்டுமானாலும் நழுவலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

ஐந்தே முக்காலுக்கு முப்பத்தெட்டாவது குழாய் வந்தது. அதன் கீழே சேறு பூசிய மோட்டார் கிணற்று வாயில் தலை காட்டியது.

"தள்ளி நில்லுங்க சார், மோட்டார் வருது" என்றாள் கொக்கி.

அவர் நின்ற இடத்தில்தான் அதைக் கிடத்த வேண்டியிருந்தது. நகர்ந்தார். நகர்ந்தவர் கேட்டார். "இவ்வளவு உயரத்துல இருந்து விழுந்திருக்கே. செத்திருக்குமே?"

கொக்கி சேற்றைத் துடைத்து, மோட்டாரின் உள்சுருள் அறாமல் இருக்கிறதா என்று அதன் வயரில் மீட்டரின் இரண்டு முனையையும் வைத்துப் பார்த்தாள். முள் ஏறிற்று. மூன்று வயருக்கும் பார்த்தாள். மூன்றுக்கும் ஏறிற்று.

"உயிரோட இருக்கு சார். வேணும்னா இது மேலயும் ஒரு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போங்க."

சனிக்கிழமை முழுக்கக் குழாய் இறக்கினார்கள். ஞாயிறு காலை பதினொன்றே காலுக்கு ஆறு வரிசையிலும் குழாயைத் திறந்தோம். முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் கலங்கல், பிறகு தண்ணீர். நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் ஆள் இருக்கிறோம்.